லெட்ரோசோல் போட்ட ஐந்து வருடமும், கூடவே பார்க்க வேண்டிய இதயமும்

இடது மார்பில் புற்றுக்கட்டி வந்தபோது எனக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அறுவை முடிந்து வந்த ரிப்போர்ட்டில் ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் என்று இருந்தது. அதாவது, ஈஸ்ட்ரோஜன் போன்ற பெண் ஹார்மோன்களால் வளரும் புற்று; ஹெர்-2 என்ற புரதம் அதில் மிகுதியாக இல்லை. நெறிகட்டிகளுக்குப் பரவவில்லை, கீமோ வேண்டாம், ‘கரண்ட்’ (கதிர் சிகிச்சை) மட்டும் வைத்துவிட்டு, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை 2.5 மில்லிகிராம் தினமும் ஒன்று, ஐந்து வருடம் போட வேண்டும் என்றார்கள். அது போன மாசியில் முடிந்தது. இப்போது அதே மாத்திரையைத் தொடங்கியிருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

கரண்ட் வைக்கும்போதே இதயத்தைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. இடது பக்கம் என்பதால் கதிர் இதயத்தில் பட்டுவிடக் கூடாது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளிப் போகும். அந்த நேரத்தில்தான் கதிரைச் செலுத்துவார்கள். வீட்டில் படுத்தபடி மூச்சுப் பிடித்துப் பழகிக்கொண்டு போனது பெரிய உதவி. இடது பக்கம் சிகிச்சை என்றால் இந்த வசதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இதே வகைப் புற்றுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான தமாக்சிஃபென் கொடுக்கலாமா, லெட்ரோசோலா என்று டாக்டர் யோசித்தார். எனக்கு முன்பு ஒருமுறை காலில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. தமாக்சிஃபென் அந்த ஆபத்தைக் கூட்டும் என்பதால் லெட்ரோசோல் முடிவானது. மாதவிலக்கு நின்று சினைப்பை ஓய்ந்த பிறகும் உடம்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி அதை உருவாக்குகிறது. லெட்ரோசோல் அந்த நொதியைத் தடுத்துவிடும்.

ஈஸ்ட்ரோஜன் குறைவதை உடம்பு நன்றாகவே உணர்த்திவிடும். காலையில் விரல்கள் மடங்காது, காபி டம்ளரைப் பிடிக்க முடியாது, மாடிப்படியில் இறங்கினால் முட்டி கெஞ்சும். இந்த வலி தாங்காமல் பாதியில் மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எனக்குக் கைகொடுத்தது நடைதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை மாத்திரை போட்டு மூட்டுவலியால் அவதிப்பட்ட பெண்களை வாரம் 150 நிமிடம் நடை போன்ற பயிற்சியும், இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சியும் செய்ய வைத்தார்கள். ஒரு வருடத்தில் வலி தெளிவாகக் குறைந்தது. டாக்டர் இதைச் சொன்ன பிறகு நடையோடு, தண்ணீர் பாட்டில் இரண்டைத் தூக்கி இறக்கவும் ஆரம்பித்தேன். வலி போய்விடவில்லை, ஆனால் மாத்திரையை விடாமல் போடும் அளவுக்குத் தணிந்தது.

இரவில் குப்பென்று உடம்பெல்லாம் சூடு பரவி, நைட்டி நனைந்துவிடும். அதைப் பார்த்த நாத்தனார், “மதினி, எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா இதுக்கு ஹார்மோன் மாத்திரை போடுறாங்க, ஹார்ட்டுக்கும் நல்லதாமே?” என்றாள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். அமெரிக்காவில் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வில் 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையும், மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002 ஜூலையில் அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 10,000 பெண்கள் ஒரு வருடம் எடுத்தால் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்று, 7 பேருக்கு இதயப் பாதிப்பு, 8 பேருக்குப் பக்கவாதம் என்று கணக்கு வந்தது. இடுப்பெலும்பு முறிவு குறைந்ததும் உண்மை. 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு ஆபத்து குறைவு என்று பிறகு தெளிவானது. என்னைப் போல ஹார்மோன் பாசிட்டிவ் புற்று வந்தவர்களுக்கு அது ஆகவே ஆகாது. டாக்டர் எனக்கு ஹார்மோன் சேராத வேறொரு மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தார், தூக்கம் வந்தது.

எனக்கு வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் மார்பைப் பார்த்தார்கள், மாமோகிராம் எடுத்தார்கள். கொலஸ்ட்ராலை யாரும் கேட்கவில்லை. நானாகக் கேட்டு எடுத்ததில் கெட்ட கொழுப்பு 168. மாதவிலக்கு நின்றாலே அது ஏறும். தமாக்சிஃபென் அதைக் கொஞ்சம் இறக்கும், லெட்ரோசோலுக்கு அந்த நன்மை இல்லை. மார்பகப் புற்றிலிருந்து மீண்ட வயதான பெண்களின் உயிருக்குப் புற்றைவிட இதய நோயே பெரிய ஆபத்து என்று அமெரிக்க இதயச் சங்கம் 2018-இல் அறிவித்திருக்கிறது. இது ஒவ்வொரு புற்றுநோய் ஓபி வாசலிலும் ஒட்டப்பட வேண்டிய செய்தி என்பேன். இதய மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார், பிரஷர் மாத்திரையின் அளவையும் மாற்றினார்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் மெலியும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் எனக்கு வந்த டி-ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 1.9. எலும்புப்புரையின் எல்லை மைனஸ் 2.5. கால்சியமும் வைட்டமின் டி-யும் போட்டு அந்த எல்லையைத் தொடாமல் முடித்தேன்.

இப்போது லெட்ரோசோல் நின்றுவிட்டது, விரல்கள் மடங்குகின்றன. ஸ்டாட்டினும் நடையும் தொடர்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் டெக்ஸா, கொலஸ்ட்ரால், சர்க்கரை, பிரஷர் நான்கையும் முதல் மாத்திரைக்கு முன்பே பார்த்து ஃபைலில் வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் எடுக்கும்போது எது எவ்வளவு மாறியது என்று டாக்டரால் சொல்ல முடியும்.