முதலில் பெட்டி, பிறகு தண்ணீர்

சென்ற கோடையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில், "இண்டைக்குக் கேஷ் தேடிப்போட்டுப் பாடிக்குப் போறம்" என்று சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "காசைத் துலைச்சுப் போட்டியளோ பிள்ளை? ஆற்றை பாடி?" என்று அவர் பதறிய குரலில் கேட்டார். சுவிஸ் ஜேர்மனில் ‘பாடி’ என்பது ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ அமைந்த குளிப்பிடம் என்பதையும், ‘கேஷ்’ என்பது ஜியோகேஷிங் விளையாட்டில் யாரோ ஒருவர் ஒளித்துவைத்த பெட்டி என்பதையும் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் எங்களுடைய ரயில் போய்விட்டது.

இரண்டு கோடைகளாக எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த இரண்டு சொற்களுக்குள்தான் அடங்கியிருக்கின்றன. மகளுக்கு இப்போது இரண்டரை வயது. சூரிச்சில் கூரைக்கு நேர் கீழேயுள்ள எங்கள் வீடு ஆடி வெயிலில் அடுப்பாகிவிடுவதால், ஏரிக்குப் போவதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. பெட்டி தேடும் பைத்தியம் கணவருடையது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பற்றைக்குள் தலையை விட்டுத் தேடுவதாவது என்று முதலில் நான் முகம் சுளித்தேன். ஆனால், ஒவ்வொரு நத்தைக்கும் நின்று வணக்கம் சொல்லும் வயதுப் பிள்ளையை மூன்று கிலோமீற்றர் நடக்கவைப்பதற்கு, ‘அந்த மரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது’ என்பதைவிடச் சிறந்த வழி எதையும் நான் இதுவரை காணவில்லை. பெட்டி கிடைக்காத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் நடையின் முடிவில் தவறாமல் காத்திருக்கும் ஏரி எங்கள் மானத்தைக் காப்பாற்றிவிடும்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அடுத்த நாளே, மே 3ஆம் திகதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவைத்து, அதன் அகலாங்கு நெட்டாங்குகளை இணையத்தில் அறிவித்தார். ஏதாவது எடுங்கள், ஏதாவது வையுங்கள் என்பதே அவர் சொன்ன விதி. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. கைத்தொலைபேசிச் செயலி சில மீற்றர் கிட்டம்வரை கொண்டுபோய்விடும். அதன் பிறகு கண்ணும் கையும்தான். கண்டுபிடித்தவர் உள்ளேயுள்ள சிறு தாளில் பெயரையும் திகதியையும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தேடற் கடினம், நிலக் கடினம் என இரண்டு அளவுகள் 1 முதல் 5 வரை தரப்பட்டிருக்கும். எங்களைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை. நிலக் கடினம் 1 என்றால் சக்கர நாற்காலியும் போகும். ஆகவே தள்ளுவண்டியும் போகும். 2க்கு மேலே போனால் வண்டியைத் தூக்க ஒருவர், பிள்ளையைத் தூக்க ஒருவர், தேடுவதற்கு ஒருவருமில்லை. பெட்டியின் பருமனும் முக்கியம். சுண்டுவிரல் நுனியளவு ‘நானோ’க்கள் குழந்தைக்கு ஒரு பொருட்டே அல்ல. உள்ளே கோலியோ பிளாஸ்டிக் தவளையோ கிடக்கும் சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் அவளுக்குப் புதையல்.

எங்களுக்கு மிகவும் பிடித்த பாதை பெஃபிக்கர் ஏரியின் கிழக்குக் கரை. எஸ்3 ரயிலில் பெஃபிக்கோன் நிலையத்தில் இறங்க வேண்டும். சுவிஸ் நாட்டில் பெஃபிக்கோன்கள் இரண்டு உண்டு. சூரிச் மாநிலத்தில் ஒன்று, ஷ்விட்ஸ் மாநிலத்தில் இன்னொன்று. இரண்டுமே ஏரிக்கரையில் இருப்பதால், எங்களோடு சேர வெளிக்கிட்ட என் தம்பி குடும்பம் மற்றதில் இறங்கி, "ஏரி தெரியுது, உங்களைக் காணேல்லை" என்று அரைமணி நேரம் தொலைபேசியில் நின்றது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரயிலில் கட்டணமில்லை என்பதால், பிழையான பெஃபிக்கோனிலும் அவர்களுடைய மகனுக்கு இலவசம்தான்.

நிலையத்திலிருந்து கரையோரமாக நடந்தால் இர்கென்ஹவுசென் என்ற இடத்தில், சிறிய மேட்டின் மேல், உரோமர் காலத்துக் கோட்டையின் மதில்கள் சதுரமாக நிற்கின்றன. காவலுமில்லை, நுழைவுச்சீட்டுமில்லை. மகள் அந்தப் புற்றரையில் நான்கு மூலைகளுக்கும் ஓடி, ஒவ்வொரு மூலையிலும் "பெட்டி எங்க?" என்று கேட்டாள். ஏரியின் தென்கரைச் சதுப்பிலுள்ள ரோபென்ஹவுசெனில் யாக்கோப் மெசிக்கொம்மர் என்ற விவசாயி 1858இல் கண்டுபிடித்ததும் ஒருவகையில் பெட்டிதான். கற்காலத்தில் மரக்கால்கள் நட்டுக் கட்டிய வீடுகளும், கரிந்த காட்டு ஆப்பிள்களும், ஆளிநார்த் துணித் துண்டுகளும் காற்றுப் புகாத சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கெடாமல் கிடந்திருக்கின்றன. அல்ப்ஸ் மலையைச் சுற்றி ஆறு நாடுகளில் பரந்துள்ள இத்தகைய 111 இடங்களை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அவற்றில் ஒன்றாயிற்று. அந்தச் சதுப்பு நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதியாதலால், பாதையை விட்டு இறங்கித் தேடும் எண்ணமே அங்கே கூடாது.

அன்று நாங்கள் கண்டெடுத்தது எங்கே என்று சொல்ல மாட்டேன், விளையாட்டு கெட்டுவிடும். என்ன என்பதைச் சொல்லலாம். பிளாஸ்டிக் போத்தல்கள் காற்றூதிப் பெருக்கப்படுவதற்கு முன்பு, பரிசோதனைக் குழாயைப் போலத் தடித்த சுவரோடு இருக்கும். அந்த வெற்றுக் குழாயை ஜேர்மன் பேசும் ஆட்கள் ‘பெட்லிங்’ என்பார்கள். நீர் புகாது, மூடி இறுக்கமாக நிற்கும், கம்பியைச் சுற்றிக் கிளையில் தொங்கவிடலாம். மகளின் கண்மட்டத்தில், ஒரு வேர்ப் பொந்துக்குள், மூன்று தட்டையான கற்களுக்குப் பின்னால் அது கிடந்தது. நாங்கள் இருவரும் மேலே கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் குந்தியிருந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்து என் சப்பாத்தின் மேல் அடுக்கினாள். சுருட்டியிருந்த ஈரத்தாளை விரித்து, அவள் கையில் பென்சிலைக் கொடுத்தோம். எங்கள் பெயருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நீண்ட கோணல் கோடு இருக்கிறது.

வேறொரு பெரிய பெட்டியில் நடந்த பண்டமாற்று இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. அதிலிருந்த நீலக் கோலியை எடுத்தவள், ஈடாகத் தான் பாதி கடித்த பிஸ்கட்டை மிகுந்த தாராளத்தோடு உள்ளே வைத்தாள். உல்மரின் முதல் வாளிக்குள் ஓர் அவரை டின் இருந்தது. ஆனால் உணவின் மணம் விலங்குகளை இழுத்துப் பெட்டியைக் குதறவைக்கும் என்பதால் இன்று உணவுப் பொருள் எதையும் வைக்கக் கூடாது. பிஸ்கட்டை நான் வெளியே எடுத்ததும் எழுந்த அழுகுரல் அக்கரைக்கும் கேட்டிருக்கும். இப்போதெல்லாம் என் பையில் சிறிய ரப்பர் விலங்குகள் ஒரு பொதி எப்போதும் இருக்கும்.

பெட்டி முதலில், தண்ணீர் பிறகு என்ற ஒழுங்கை நாங்கள் ஒருபோதும் மாற்றுவதில்லை. நனைந்து களைத்த குழந்தை எதையும் தேடாது என்பது ஒரு காரணம். உண்ணி இன்னொரு காரணம். இங்கே புல்லிலும் பற்றையிலும் உண்ணிகள் உண்டு; மூளைக்காய்ச்சலையும் லைம் நோயையும் பரப்பக்கூடியவை. தேடும்போது நீளக்காற்சட்டையும் காலுறையும் போட்டுவிடுகிறோம். குளிப்பிடத்தில் உடை மாற்றும்போது எப்படியும் முழு உடையையும் கழற்றத்தானே வேண்டும். அந்த நேரத்தில் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்புப் பட்டி பதிந்த இடம், முழங்கால் மடிப்பு என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே வெயில் களிம்பைப் பூசுகிறேன். களிம்பு பூசிய தோலில் எள்ளளவு உண்ணியைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதைப் போன வருடமே பட்டு அறிந்துவிட்டேன்.

பெஃபிக்கர் ஏரியின் அவுஸ்லிக்கோன் குளிப்பிடத்தின் வாசற் பலகையில் அன்று நீரின் வெப்பம் 23 பாகை என்று வெண்கட்டியால் எழுதியிருந்தார்கள். துவாயை மர நிழலில் விரித்து, புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் இருந்த பெட்டியைத் திறப்பதற்குள் மகள் கணுக்காலளவு நீரில் இருந்தாள். அந்த வெதுவெதுப்பான ஆழமற்ற நீருக்கும் ஒரு குறை உண்டு. இங்கே ‘வாத்துத் தெள்ளு’ என்று அழைக்கப்படுவது உண்மையில் தெள்ளு அல்ல. நீர்ப்பறவைகளின் ஒட்டுண்ணியொன்று நத்தைக்குள் வளர்ந்து, குடம்பியாக நீருக்குள் வெளிவந்து வாத்தைத் தேடுகிறது. தவறுதலாக மனிதத் தோலைத் துளைத்துவிட்டு அங்கேயே செத்துப்போகிறது. ஆபத்தில்லை, ஆனால் சிவந்த தடிப்புகளும் பல நாட்களுக்கு அரிப்பும் மிஞ்சும். சென்ற வருடம் வேறோர் ஏரியில் மகளின் இரு கால்களும் முழங்கால்வரை புள்ளிபுள்ளியாகிவிட்டன. அதிலிருந்து நீரை விட்டு ஏறிய உடனேயே குழாய் நீரில் கழுவி, துவாயால் அழுத்தித் துடைத்துவிடுகிறோம். வெயிலில் தானாகக் காயட்டும் என்று விடுவதில்லை.

இந்தப் பயணங்களில் நான் மறக்க விரும்பும் நிமிடம் ஒன்றும் உண்டு. ஏரியொன்றில் வாய்க்கால் விழும் இடத்திலிருந்த சின்னப் பாலத்தின் இரும்புக் கைப்பிடிக்கு அடியில், காந்தத்தால் ஒட்டப்பட்ட நானோ ஒன்று இருப்பதாகச் செயலி காட்டியது. கணவர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் குனிந்து விரலால் தடவிக்கொண்டு போனோம். பிள்ளை அவர் பக்கத்தில் நிற்கிறாள் என்று நானும், என் பக்கத்தில் நிற்கிறாள் என்று அவரும் நினைத்தோம். நிமிர்ந்தபோது அவள் பாலத்தின் கீழே, ஒரு கால் நனைந்தபடி, வாத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். பத்து விநாடியாவது இருக்கும். இந்த விளையாட்டு கண்ணைக் களவெடுக்கிறது. அதுதான் அதன் சுகமும். தண்ணீரோ முழுக் கண்ணையும் கேட்கிறது. சிறு பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள் என்று சுவிஸ் உயிர்காப்புச் சங்கம் குளிப்பிடந்தோறும் தொங்கவிட்டிருக்கும் பலகையைப் பல தடவை வாசித்திருந்த நாங்கள்தான் அன்று அப்படி நின்றோம்.

அன்று திரும்பும் ரயிலில் இருவரும் அதிகம் பேசவில்லை. இப்போது நீர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தேடுவதில்லை. குளிப்பிட வாசலில் இரண்டு கைத்தொலைபேசிகளும் பைக்குள் போய்விடும்; நீரில் பிள்ளையோடு நிற்பவர் மாறும்போது, "இனி நான்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் மாறுகிறோம். தேடியும் கிடைக்காத பெட்டியைச் செயலி நீல நிறச் சோக முகத்தால் குறிக்கும். எங்கள் வரைபடத்தில் ஏரிக்கரைகளை ஒட்டி அப்படி மூன்று முகங்கள் இருக்கின்றன. அந்தப் பாலமும் அவற்றில் ஒன்று. மகள் நீந்தப் பழகும்வரை அவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.