கச்சத்தீவில் கோடி அற்புதரின் சந்நிதி

ஆண்டு முழுவதும் குடியிருப்பு இல்லாத, குடிப்பதற்கு நல்ல தண்ணீரும் கிடைக்காத 285 ஏக்கர் நிலம், தவக்காலத்தில் இரண்டு நாள்கள் மட்டும் ஓர் ஊராகிவிடுகிறது. கோடி அற்புதர் என்று பக்தர்கள் அழைக்கும் புனித அந்தோனியாரின் கச்சத்தீவுத் திருவிழாவுக்காக, ராமேஸ்வரத்து உறவினர்களோடு பெயர் பதிவு செய்து, சுங்கச் சோதனை முடித்து விசைப்படகில் ஏறினேன். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் தீவு இலங்கையின் எல்லைக்குள் சென்றுவிட்டபோதும், இந்தியப் பயணிகள் இங்கு வரக் கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை.

மாலையில் கொடியேற்றம் முடிந்து சிலுவைப் பாதை தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வந்தவர்கள் எங்களோடு கலந்து நடந்தார்கள். “எங்கயிருந்து வாறியள்?” என்று அருகில் நடந்த நெடுந்தீவு அம்மா ஒருவர் கேட்டார். ராமேஸ்வரத்துப் படகில் வந்ததைச் சொன்னதும், “உங்கட ஆக்களின்ர இழுவைப் படகாலதான் எங்கட வலையெல்லாம் அறுந்து போகுது” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் குறையும் இல்லாமல் இல்லை. எங்கள் படகில் வந்தவர்களோ, சிறைப்பட்ட உறவினர்களும் பறிமுதலான படகுகளும் திரும்பி வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு வந்தவர்கள். ஒருவர்மேல் ஒருவருக்குள்ள வழக்கை இருவரும் ஒரே புனிதரிடம் கொண்டுவந்து, ஒரே செபத்தைச் சொல்லி முழந்தாளிட்டிருந்தார்கள். கச்சத்தீவு என்றாலே தேர்தல் மேடை நினைவுக்கு வரும் நமக்கு இந்தக் காட்சி தெரிவதே இல்லை.

இரவில் தேர்பவனி. மறுநாள் காலையில், 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய ஆலயத்தில் திருவிழாத் திருப்பலி. அது முடிந்ததும் படகுகள் திரும்பத் தொடங்கின.

சென்னை திரும்பிய பிறகு, வழக்கம்போல் ஒரு செவ்வாய்க்கிழமை பாரிமுனை ஆர்மேனியன் தெரு ஆலயத்துக்குச் சென்றேன். கடைகளுக்கும் கைவண்டிகளுக்கும் இடையே புகுந்து வரும் கூட்டம் அங்கே அந்தோனியாரிடம் வேலையும் வீடும் திருமணமும் கேட்டு நிற்கும். நானும் பல காலம் அவற்றையே கேட்டவன்தான். அன்று, எங்கள் உறவினர் படகு விடுதலையாக வேண்டும் என்ற வேண்டுதலோடு, அந்த நெடுந்தீவு அம்மாவின் வலை அறுபடாதிருக்க வேண்டும் என்றும் கேட்டேன். இரண்டையும் ஒருசேர எப்படித் தருவது என்பதை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.