மணிக்கு 16 மில்லிலீட்டர்

2025 மார்ச் 4, செவ்வாய்
நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நிமோனியாவோடு எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஓர் அம்மாவுக்கு இரவே செயற்கைச் சுவாசம் கொடுத்தாயிற்று. ஐம்பது தாண்டிய கொழுந்துக்காரி. நிறை 38 கிலோ. பத்து நாளைக்கு மேலாக வெறும் தேத்தண்ணியும் நனைத்த பிஸ்கட்டுந்தானாம், கணவர் சொன்னார். அதை டிக்கெட்டில் (நோயாளியின் குறிப்பேட்டில்) மேலேயே பெரிதாக எழுதினேன்.

மூக்கு வழியே குழாய் போட்டோம். நுனி இரைப்பையில் நிற்பதை டொக்டர் எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான் உணவு. காற்றை ஊதிச் சத்தம் கேட்டு முடிவெடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் வரும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தி, முதலில் தயமின் (விற்றமின் B1) ஊசி போட்டோம்.

மார்ச் 5, புதன்
"என்ன மிஸ்ஸி, மணிக்கு மூணு தேக்கரண்டிதான் போகுது? கூடக் குடுங்க, தெம்பு வரட்டும்" என்றார் கணவர், தாதியான என்னிடம். பசித்த மனைவியைப் பார்க்கிறவர் வேறென்ன கேட்பார்?

நெடுநாள் பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்தே ஓடும். திடீரென்று மாச்சத்து நிறையப் போனால் இன்சுலின் ஏறும். இரத்தத்திலுள்ள பொஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் உடற்கலங்களுக்குள் இழுபட்டுவிடும். இதயத்துடிப்பு குழம்பலாம், மூச்சுத் தசை சோரலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து மீட்கப்பட்ட கைதிகளில் சிலர் உணவு கிடைத்த பின்னர் இறந்தது இப்படித்தான். அதனால்தான் கிலோவுக்கு 10 கிலோகலோரி, நாளுக்கு 380, அதாவது மணிக்கு 16 மில்லிலீட்டர் என்று தொடங்கினோம்.

கணவர் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வேலை பார்த்தவர். "வாடுன கன்டுக்கு உரத்த ஒரேயடியா அள்ளிப் போடுவீங்களா ஐயா?" என்றேன். "கருகிப் போகுமே" என்றார். அதற்குப் பிறகு அளவைப் பற்றிக் கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி
இரத்தத்தில் பொஸ்பேட் 0.58க்கு இறங்கிவிட்டது. பயந்தது நடந்தது. நாளம் வழியாகப் பொஸ்பேட் ஏறுகிறது, உணவைக் கூட்டவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
இரத்த அளவுகள் சரியாகிவிட்டன. இன்று கிலோவுக்கு 25, அதாவது 950 கிலோகலோரி. புரதமும் கூட்டியாயிற்று, படுக்கையில் கிடந்தால் தசை வேகமாகக் கரையும். எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான். ஸ்கேனுக்கு என்று நிறுத்திய உணவை, திரும்பி வந்ததும் தொடங்க மறந்துவிடுகிறார்கள். அன்டிபயோட்டிக் ஒரு வேளை தவறினால் எல்லோரும் கேட்கிறோம். உணவு நாலு மணித்தியாலம் நின்றால் யார் கேட்கிறோம்? இரண்டும் சிகிச்சைதானே.

மார்ச் 15, சனி
நேற்று செயற்கைச் சுவாசத்தை எடுத்தோம். "தேத்தண்ணி" என்று கரகரத்த குரலில் கேட்டார். கொடுக்கவில்லை. விழுங்குவதைச் சோதித்தபோது தண்ணீருக்கு இருமினார், கூழ்ப்பதத்தில் கொடுத்தது சரியாக இறங்கியது. குழாய் இன்னும் இருக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்
வார்டுக்கு மாற்றினோம். அங்குள்ள மிஸ்ஸிக்கு எழுதிக் கொடுத்தது: நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டவும், பகலில் வாயால், இரவில் குழாயால், தேவையில் பாதிக்கு மேல் வாயால் சாப்பிடும்வரை குழாயை எடுக்க வேண்டாம், வாரம் இருமுறை நிறை பார்க்கவும்.