ரொசலிண்டாக நடிக்காத எலன் டெரி

எங்கள் ஆங்கில ரீச்சர் சேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் போர்ஷியாவின் வசனத்தைப் படிப்பித்து முடித்தால், அடுத்தது ஆங்கில மேடை நடிகை எலன் டெரி கதைதான். பாடநேரம் முடிந்து மணி அடித்தாலும் நாங்கள் எழும்பமாட்டோம்.

1847இல் கொவென்ட்ரியில், ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட பெற்றோருக்குப் பிறந்தவர் எலன். ஒன்பது வயதில் லண்டனில் முதல் வேடம். விக்டோரியா மகாராணி பார்த்திருக்க, இழுத்துவந்த விளையாட்டு வண்டியிலேயே தடுக்கி விழுந்தது பிள்ளை. சபை சிரிக்க, தன் நடிப்பு வாழ்க்கையே முடிந்துவிட்டதென்று தேம்பி அழுததாம்.

பதினாறு வயதில் ஓவியர் வாட்ஸைக் கலியாணம் செய்தார். ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. பிறகு மேடையை விட்டு, கட்டடக் கலைஞர் கொட்வினோடு நாட்டுப்புறத்தில் சில வருட வாழ்க்கை, இரண்டு பிள்ளைகள். திரும்பி வந்து 1875இல் போர்ஷியாவாக நின்றபோது லண்டன் அவரைக் கொண்டாடியது.

1878இல் நடிகர் ஹென்றி இர்விங் லண்டனிலிருந்த தன் லைசியம் அரங்குக்கு அழைத்தார். இருபது வருடங்களுக்கு மேல் இருவரும் மேடைச் சோடி. 1888இல் மக்பெத் சீமாட்டியாக அவர் உடுத்த பச்சை அங்கியைக் கென்ட்டில், அவர் வாழ்ந்த ஸ்மால்ஹைத் வீட்டில் பார்த்தேன். உடம்பெல்லாம் வண்டுச் சிறகு தைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய ஆயிரம். சின்ன வயதில் நெருப்புப்பெட்டிக்குள் வளர்த்தோமே பொன்வண்டு, அந்த இனம்தான். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் பச்சை நீலமாகிறது. சார்ஜன்ட் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் இதே உடையோடுதான் கிரீடத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

ஆனால் ரீச்சருக்கு ஆறாத மனக்குறை ஒன்று இருந்தது. சேக்ஸ்பியரின் பெண்களில் எலனுக்கென்றே எழுதியதுபோல் இருப்பவள், 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் நாயகி ரொசலிண்ட். சிரிப்பு, துடுக்கு, கனிவு எல்லாம் உள்ள வேடம். லைசியத்தில் அந்த நாடகத்தை இர்விங் போடவேயில்லை. அதில் அவருக்கேற்ற பெரிய வேடம் இல்லை. அரங்கு அவருடையது, தெரிவும் அவருடையது. எலன் 'ஹம்லெட்'டில் ஒபீலியாவாகவும் 'லியர் மன்ன'னில் கோர்டீலியாவாகவும் அவர் பக்கத்தில் நின்றார். எனக்கும் இது பெரிய அநியாயமாகவே தோன்றுகிறது.

வயது போனபின், கண்பார்வையும் ஞாபகமும் தளர்ந்த காலத்தில், சேக்ஸ்பியரின் பெண்களைப் பற்றி அமெரிக்கா, அவுஸ்திரேலியா வரை போய்ப் பேசினார். ரொசலிண்டாக இருந்தேன் என்று சொல்லத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று அந்த உரையிலேயே ஏங்கினார்.

இர்விங்குக்கு 1895இல் சேர் பட்டம் கிடைத்தது. எலனுக்கு, பெண்களுக்கான அதற்கு ஈடான டேம் பட்டம் வர 1925 ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 77.