அக்காவுக்கு இல்லாத வாக்கு

2016 ஜூன் 7, செவ்வாய். ஹாரோ, லண்டன்

ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதா விலகுவதா என்று ஜூன் 23 அன்று பொதுவாக்கெடுப்பு. அதற்கான வாக்காளர் பதிவுக்கு இன்று நள்ளிரவோடு கெடு. இரவு பத்தரை மணிவாக்கில் கூட்டம் தாங்காமல் இணையதளமே படுத்துவிட்டது. நான் முன்பே பதிந்துவிட்டேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே குடியிருந்தால் வாக்களிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்து மூன்றே வருடமான எனக்கு வாக்கு உண்டு.

கீழ்வீட்டு அக்காவுக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நெதர்லாந்து போய், அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, பிள்ளைகளின் படிப்புக்காக 2003இல் லண்டன் வந்தவர். முதியோர் இல்லத்தில் வேலை. ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்காரர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் குடிமக்களுக்கு மட்டும்தான் இதில் வாக்கு.

"தம்பி, எங்களைப் பற்றித்தான் ஊரெல்லாம் கதைக்கினம். எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஜூன் 12, ஞாயிறு

உணவகம் நடத்தும் நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் விலகலின் பக்கம். ஊரிலிருந்து ஒரு சமையல் மாஸ்டரைக் கூட்டிவர ஏறக்குறைய 30,000 பவுண்ட் ஆண்டுச் சம்பளம் காட்ட வேண்டும். "போலந்துக்காரன் டிக்கெட் எடுத்து வந்து இறங்கிடுறான். நம்ம ஆளுக்கு மட்டும் ஏன் இத்தனை பூட்டு?" என்கிறார். ஒன்றியத்தைவிட்டு வெளியேறினால் நம்மவர்களுக்குக் கதவு திறக்கும் என்று அமைச்சர் பிரீத்தி படேலும் சொல்லிவருகிறார்.

நண்பரின் வலி நிஜம். ஆள் கிடைக்காமல் அவரே அடுப்படியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பூட்டைப் போட்டது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான விசா விதிகளை எழுதுவது பிரிட்டன் அரசு. சாவி அன்றும் இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. அரை மணி நேரம் வாதாடினேன். சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம்.

விலகல் அணி வாசகம் எழுதி ஊர் ஊராக ஓட்டும் அந்தச் சிவப்புப் பேருந்து விஷயமும் அப்படித்தான். வாரம் 350 மில்லியன் பவுண்ட் ஐரோப்பாவுக்குப் போகிறதாம், அதை மருத்துவச் சேவைக்குக் கொடுக்கலாமாம். 1984இல் அன்றைய பிரதமர் தாட்சர் வாதாடி வாங்கிய தள்ளுபடியை அந்தக் கணக்கில் கழிக்கவே இல்லை. அரசின் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தும் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூன் 16, வியாழன்

நீடிப்புக்காகப் பிரசாரம் செய்துவந்த ஜோ காக்ஸைக் கொன்றுவிட்டார்கள். 41 வயது. இரண்டு சின்னக் குழந்தைகள். பட்லி அண்ட் ஸ்பென் தொகுதி எம்.பி. பிர்ஸ்டாலில் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில், பட்டப்பகலில். இன்று காலைதான் விலகலுக்காகப் பிரசாரம் செய்யும் கட்சித் தலைவர் ஃபராஜ் அகதிகளின் நீண்ட வரிசையைப் படமாகப் போட்ட சுவரொட்டியைத் திறந்துவைத்தார். அந்த வரிசையில் நிற்கும் முகங்களில் அக்காவின் பழைய முகத்தைத்தான் பார்த்தேன். வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஜூன் 23, வியாழன்

விடியற்காலையிலிருந்து பேய்மழை. அக்கா குடையோடு வாக்குச்சாவடி வாசல்வரை வந்தார். "நீங்கள் போட்டிட்டு வாங்கோ, நான் இதில நிக்கிறன்."

தாளில் இரண்டே கட்டங்கள், நூலில் கட்டிய பென்சில். அழித்து மாற்றிவிடுவார்கள் என்று வதந்தி கிளம்பியதால் எனக்கு முன்னால் போனவர் கையோடு பேனா கொண்டுவந்திருந்தார். நான் பென்சிலாலேயே 'நீடிக்க வேண்டும்' என்பதற்கு எதிரே பெருக்கல் குறி போட்டேன். மூன்று வருடத்து ஆள் உள்ளே, பதின்மூன்று வருடத்து ஆள் வெளியே மழையில்.

ஜூன் 24, வெள்ளி

விலகல் 51.9, நீடிப்பு 48.1. சண்டர்லாந்தில் விலகலுக்கு 61 சதவீதம் என்று வந்தபோதே வயிற்றைப் பிசைந்தது. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் லண்டனும் எதிர்த்திசையில். ஹாரோவில் நீடிப்புக்கு 54.6. பவுண்ட் 1985க்குப் பிறகு இல்லாத அளவு சரிந்தது. பிரதமர் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார். அந்த 350 மில்லியனுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று ஃபராஜ் காலையிலேயே தொலைக்காட்சியில் சொல்கிறார். ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கலாமே!

உணவக நண்பர் சந்தோஷமாக அழைத்தார். நான் எடுக்கவில்லை. நாளை பேசுவேன்.

ஜூன் 26, ஞாயிறு

அக்கா ஒரு பெட்டி நிறையக் காகிதங்களோடு மேலே வந்தார். சம்பளச் சீட்டு, கவுன்சில் வரி ரசீது, வங்கிக் கடிதங்கள். நிரந்தரக் குடியிருப்புக்கான விண்ணப்பம் 85 பக்கம். நாட்டைவிட்டு வெளியே போன நாட்களையெல்லாம் தேதியோடு எழுத வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அம்மாவைப் பார்க்க அவர் வருடத்துக்கு நாலு தடவை போய்வருபவர். பழைய நாட்காட்டிகளைத் தரையில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகத் தேடுகிறோம். 2013 ஆகஸ்ட் வரை வந்திருக்கிறோம்.