தோட்டத்துப் பிள்ளைக்குக் கப்பல் ஏன் தூரமாக இருந்தது

இலங்கை மலையகத்தில் வயதானவர்களிடம் கப்பலைப் பற்றிக் கேட்டால் 'இராமானுஜம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத்து ஆட்களைத் தலைமன்னாரில் ஏற்றி இராமேஸ்வரத்தில் இறக்கிய கப்பல் அது. என் பெரியப்பா குடும்பமும் ஹட்டனில் 'அழுகைக் கோச்சி' என்று நாங்கள் சொல்லும் ரயிலில் ஏறி, அதில்தான் போனது. அதற்கு முன்னால், 1914 முதல், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடின. தோட்டங்களுக்கு ஆட்கள் வந்த வழி அது. எங்கள் சனத்தைக் கொண்டுவந்ததும் கப்பல், பிரித்துக் கொண்டுபோனதும் கப்பல். அதில் வேலைக்குப் போகலாம் என்று எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இன்று நான் சரக்குக் கப்பலில் மூன்றாம் எஞ்சினியர். ஜெனரேட்டர்கள் என் பொறுப்பு. சொந்த ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் எஞ்சின் பார்த்தவர். ஸ்பானர் பிடிக்கவும், சத்தத்தை வைத்தே பெயரிங் போவதைக் கண்டுபிடிக்கவும் அவரிடம்தான் படித்தேன்.

இந்த நாட்டின் கப்பல் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். 1873இல் 23 இறாத்தல் லண்டன் போய்ச் சேர்ந்தது. 1885 அளவில் கொழும்புத் துறைமுகத்தின் முதல் அலைதடுப்புச் சுவரும் கட்டி முடிந்தது. ஆனால் அரசின் இலங்கைக் கப்பற் கூட்டுத்தாபனம் வந்தது 1971இல்தான். வணிகக் கப்பற்றொழில் சட்டமும் அதே வருடம்தான். அதுவரை எங்கள் பாட்டிமார் பறித்த கொழுந்து பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கப்பலில், அவர்கள் சொன்ன கட்டணத்தில் போனது.

இதே கடலில் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இலேயே சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். காலியா, லாவோ என்ற அவருடைய கப்பல்கள் தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஓடின. போட்டிக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது, அரசாங்கம் 1908இல் அவரைச் சிறையில் போட்டது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. ஆகவே தமிழனுக்குக் கடல் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மலையகத்தானுக்கு மட்டும் ஏன் முடியவில்லை? காரணம் கடற்பயமும் இல்லை, படிப்பும் மட்டும் இல்லை. கப்பலில் சேர சிடிசி என்ற கடலோடிப் புத்தகம் வேண்டும். அதற்கும் பாஸ்போர்ட்டுக்கும் நீங்கள் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும். 1948 சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1971இல் கூட்டுத்தாபனம் ஆள் எடுத்த காலத்தில் என் தாத்தாவிடம் காட்ட ஒரு காகிதம் இல்லை. கடைசியாக மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை தர 2003இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஒரு தலைமுறையின் கடல் வாழ்க்கை அங்கேயே போய்விட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

சரி, இப்போதைய நிலைமை. கூட்டுத்தாபனத்துக்கு 2016இல் சீனாவில் கட்டிய 'சிலோன் பிரீஸ்', 'சிலோன் பிரின்சஸ்' என்ற இரண்டு பெரிய கப்பல்கள் வந்தன. நுரைச்சோலை மின்நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் வேலையில் அவை ஈடுபட்டன. இரண்டு கப்பலில் எத்தனை பேர் வேலை செய்ய முடியும்? நாங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களில்தான் வேலை செய்கிறோம். அதனால் இந்த நாட்டுக்குக் கப்பலைவிடப் பயிற்சிதான் பெரிய சொத்து என்பது என் அபிப்பிராயம். 1990இல் தொடங்கிய, மாலபேயில் உள்ள சினெக் என்ற கடற்பயிற்சிக் கல்லூரி போன்ற இடங்கள் அதற்கு இருக்கின்றன. கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் அளவுகோல் வைக்கும் 1978இன் எஸ்.டி.சி.டபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி எடுத்த சான்றிதழ் என்றால் வெளிநாட்டுக் கம்பெனியும் மதிக்கும்.

கடலில் உயிர் தப்புவது, தீயணைப்பு, முதலுதவி, தனிப்பட்ட பாதுகாப்பு ஆகிய அடிப்படைப் பயிற்சிகள் எல்லோருக்கும் கட்டாயம். எஞ்சின் ஆபீசராக வர, அங்கீகரித்த பாடத்திட்டத்தில் பட்டறைப் பயிற்சியும் கப்பல் வேலையுமாகக் குறைந்தது 12 மாதம் வேண்டும். அதில் 6 மாதமாவது எஞ்சின் ரூமில் கழிய வேண்டும். ஃபேக்டரி மெஷின்களோடு வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பட்டறை வேலை பழகிய ஒன்றுதான். கப்பலைச் செலுத்தும் டெக் பக்கம் போக ஆசை என்றால் பணம் கட்டும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். நிறம் பிரித்தறியும் பார்வையில் குறை இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அப்புறம், புரோக்கர்கள். எங்கள் பக்கத்து லயத்துப் பையனின் அம்மா நகையை அடகு வைத்து ஒருவனிடம் கொடுத்தார். கப்பலும் வரவில்லை, பணமும் வரவில்லை. 2006இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கப்பல் வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட், சிடிசி போன்றவற்றின் செலவு மட்டும்தான் நம்முடையது. எந்தக் கோர்ஸில் சேர்வதானாலும் அது அங்கீகாரம் பெற்றதா என்று கொழும்பில் வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.