22 வயதுக் குதிரைக்கு மூத்திரப்பையில் கல்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளாதான் என்றாலும் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான். மாட்டுக்கு வைத்தியம் பார்க்க ஆள் உண்டு, குதிரைக்குத்தான் தேடி அலைய வேண்டும். எங்களிடம் இருப்பது காயடித்த ஆண் குதிரை, வயது 22. வண்டி இழுப்பதை எப்போதோ நிறுத்தியாயிற்று. கிழட்டுக் குதிரைக்கு மூத்திரக் கோளாறு வந்தால் என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது அது நிற்கும் விதம்தான். பின்னங்காலை அகட்டி, வாலைத் தூக்கி, முனகிக்கொண்டே நிற்கும். சொட்டுச் சொட்டாகப் போகும், முடிந்த பிறகும் அப்படியே நிற்கும். தொடையின் உட்பக்கம் எந்நேரமும் ஈரம்.

தரையில் செம்பழுப்பாகப் பார்த்து அம்மா பதறிவிட்டார். ஆனால் அதை வைத்து மட்டும் ரத்தம் என்று சொல்ல முடியாது. குதிரை மூத்திரம் வெளியே வந்து காற்றுப்பட்டால் தானாகவே அந்த நிறத்துக்கு மாறும். கலங்கலாக இருப்பதும் இயல்பு, அதில் சளியும் கால்சியம் கார்பனேட்டும் உண்டு. ஆகவே போகும்போதே பிடித்துப் பார்க்க வேண்டும். நீளக் கம்பில் சுத்தமான டப்பாவைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். கொட்டகையில் புது வைக்கோல் பரப்பினால் பல குதிரைகளுக்கு மூத்திரம் வந்துவிடும், எங்களுக்கும் அது கைகொடுத்தது. ஓய்வில் இருந்தபோது பிடித்தது வெறும் மஞ்சள். கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிவந்து பிடித்தபோது கடைசிச் சொட்டுகளில் நிஜமாகவே ரத்தம். நடந்த பிறகு ரத்தம் வந்தால் கல்லைச் சந்தேகிக்க வேண்டுமாம்.

வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொன்னார்கள். ஒருவர் வலி ஊசியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. சரியாகத் தண்ணீர் குடிக்காத வயதான குதிரைக்கு அந்த மருந்துகள் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

அப்புறம்தான் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பிடித்தோம். போகிற வழியில் குதிரான் மலையில் சுரங்கப்பாதை வந்திருக்கிறது. பழைய மலைப்பாதை வளைவுகளில் நோயாளிக் குதிரையை நிற்க வைத்துக் கொண்டுபோவதை நினைக்கவே முடியவில்லை. அங்கே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். மயக்கம் கொஞ்சமாகக் கொடுத்து, மலக்குடல் வழியாகக் கைவிட்டு மூத்திரப்பையைத் தடவியதுமே டாக்டர், "கல்லு தன்னெ" என்றார். ஸ்கேனிலும் தெரிந்தது. எலுமிச்சம்பழ அளவு, மேலெல்லாம் முள்முள்ளாக. அந்த முள் உரசித்தான் ரத்தம். பெட்டைக்குதிரைக்கு மூத்திரக்குழாய் குட்டை, அகலமும் அதிகம். ஆண் குதிரைக்கு நீளம், குறுகலும்கூட. அதனால் இந்தத் தொல்லை ஆண் குதிரைகளுக்குத்தான் அதிகம்.

இந்த வயதில் படுக்க வைத்து மயக்கம் கொடுப்பார்களோ என்பதுதான் அப்பாவின் பயம். தேவைப்படவில்லை. வால் அடியில் முதுகெலும்புக்குள் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, நின்ற நிலையிலேயே ஆசனவாய்க்குக் கீழே கீறி, கல்லை உடைத்துத் துண்டு துண்டாக எடுத்துப் பையைக் கழுவிவிட்டார்கள். காயத்தைத் தைப்பதில்லை, தானே மூடும். அதுவரை மூத்திரம் அந்த வழியாகவே ஒழுகும். தோல் வெந்துபோகாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, வாசலின் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். அறுவையைவிட இந்த வேலைதான் எங்களை வாட்டியது.

தீவனத்தையும் மாற்றச் சொன்னார்கள். குதிரை தேவைக்கு மேல் உள்ள கால்சியத்தை மூத்திரத்தில்தான் தள்ளுகிறது, குதிரைமசால் என்கிற தீவனப் பயிரில் கால்சியம் மிக அதிகம். அதை நிறுத்திவிட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் உலர்புல்லும் போடுகிறோம். தவிட்டைத் தண்ணீராகக் கரைத்து உப்புப் போட்டு வைத்தால் பல் தேய்ந்த வாய்க்கும் எளிது, தண்ணீரும் உள்ளே போகும். கல் திரும்ப வரக்கூடும் என்பதால் ஓணத்துக்கு முன் மறுபடி ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறோம்.